தோல் பூச்சு

சுவர் வியர்த்திருந்தது. வெளியே கொடியில் போட்ட துணியெல்லாம் மொரமொரவென்று காய்ந்து கிடக்கிற மத்தியானத்தில், குழந்தையின் மரத் தொட்டிலை ஒட்டிய அந்த ஒரு சுவரில் மட்டும் பொடிப்பொடியாக ஈரம் பூத்திருந்ததை அவள் துண்டால் துடைத்தாள். துண்டை முகர்ந்து பார்த்தாள். கழுவாமல் மூடி வைத்த பால் புட்டியின் புளித்த வாடை.

அந்தச் சுவர்ப் பூச்சு போன மாதம் அவள் கணவன் காட்டிய கைவண்ணம். சுவரைப் பழைய தோல்பெட்டி போல மாற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பியவன், கடையில் பெயிண்ட் டப்பா வாங்காமல், பாலைத் திரித்துச் சுண்ணாம்பும் காவிப் பொடியும் சேர்த்துத் தானே குழைத்தான். பூசிய ஈரத்தின்மேல் கசக்கிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, மெல்ல உரித்தான். சுருக்கமும் நரம்புமாகத் தோல் அப்படியே வந்துவிட்டது. ஒரு ஆணியைக்கூட நேராக அடிக்கத் தெரியாத மனிதன் இதை மட்டும் ஏன் இவ்வளவு நன்றாகச் செய்து தொலைத்தான் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

போன வாரம் வந்த நாத்தனார் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அண்ணனுக்கு இந்தச் சுவரு." குழந்தையைத் தூக்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன அண்ணி, உருண்டை எலும்பும் தோலுமா ஆயிட்டான்? பால் குடிக்கறானா இல்லையா?"

உருண்டையாக இருந்ததால்தான் அந்தச் செல்லப்பெயர். இப்போது கன்னம் வற்றி, தொடையின் மடிப்பெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பசிக்கு அழுவதுமில்லை. எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் பாலில்தான் ஏதோ கோளாறு என்று அவள் யாருக்கும் தெரியாமல் அழுதாள். பிள்ளை கையைவிட்டுப் போய்விடுவானோ என்ற பயம் சோற்றை இறங்கவிடவில்லை.

துண்டைப் பிழிந்துவிட்டு வந்து மறுபடி துடைத்தபோது விரல் சுவரில் பட்டது. மெத்தென்றிருந்தது. வெதுவெதுப்பாக. அழுத்தினாள். குழி விழுந்து, மெதுவாக மேலே வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் சுருக்கங்களுக்கு நடுவே பொன்னிறத்தில் பூனைமயிர். பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்ததாக இருக்கும் என்று நகத்தால் ஒன்றைப் பிடுங்கினாள். நுனியில் வெள்ளையாக வேர் இருந்தது. பிடுங்கிய இடம் ஒருமுறை துடித்தது.

கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். வாடை போகவில்லை.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவனிடம் போனாள்.

"ஏங்க, அந்தப் பூச்சுல என்னத்தைக் கலந்தீங்க?"

"பால்தான். சொன்னேனே."

"என்ன பாலு?"

அவன் பிடரியைச் சொறிந்தான். "கடைசித் தடவை பூசறப்ப பால் பத்தல. பிரிஜ்ல நீ எடுத்து வச்ச புட்டி இருந்துச்சு. வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு எதுக்கு அலையணும்னு..."

"அது உருண்டைக்கு எடுத்து வச்ச தாய்ப்பால்ங்க!"

"ஒரு புட்டிதானே. அதுக்குப் போய் இந்தக் குதி குதிக்கற."

தன் உடம்பிலிருந்து வந்ததை, மகனுக்கென்று வந்ததை, திரித்து, சுண்ணாம்பில் குழைத்துச் சுவரில் அப்பியிருக்கிறான். அவள் ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள். அதிலும் அதே புளிப்பு.

"இப்பவே சுரண்டி எடுங்க. ஒரு பொட்டு இருக்கக் கூடாது."

அவள் முகத்தைப் பார்த்தவன், சுவர் சுரண்டும் பட்டித் தகட்டை எடுத்துவரப் பால்கனிக்குப் போனான்.

அறையிலிருந்து சத்தம் வந்தது.

சப். சப். சப்.

குடிக்கிற சத்தம். கேட்டதுமே அவளுக்குப் பால் சுரந்து நைட்டி நனைந்தது. உடம்புக்கு வெட்கமே இல்லை என்று அருவருப்பாக இருந்தது. ஆனாலும் குடிக்கிறானே என்று ஒரு கணம் மனசு குளிர்ந்தது.

உள்ளே போனாள்.

தொட்டில் சட்டங்களுக்கு நடுவே முகத்தை நுழைத்திருந்தான் உருண்டை. வாய் சுவரில். கண் திறந்திருந்தது. அவன் தொண்டை அசையவில்லை.

சுவர்தான் அசைந்தது. ஒரு மடிப்பு உப்பியது. அடங்கியது. உப்பியது.

அவன் விழுங்கவில்லை.

பிடித்து இழுத்தாள். வரவில்லை. கன்னம் நீண்டது. அதோடு சேர்ந்து சுவரும் நீண்டது. இன்னும் இழுத்தாள். பிள்ளை அழவில்லை. சுவர் முனகியது.

தகடோடு வந்த கணவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எங்க... எங்க சுரண்டறது?"

அவள் விரலால் தடவித் தேடினாள். ஒரே நிறம். ஒரே வெதுவெதுப்பு. அதே பூனைமயிர். கன்னம் எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. தடவத் தடவ, விரலுக்கடியில், பெரிய மிடறாக ஒன்று சுவருக்குள் இறங்கிப் போனது.