ராலிட்சாவின் இணைப்பு

ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டிலிருந்தே அலுவலகத்தோடு இணைக்கும் விபிஎன்னுக்குள் கலோயனைத் தவிர யாரும் நுழைவதில்லை. இன்று பட்டியலில் அவன் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. ராலிட்சா. அந்தக் கணக்கை அவனே தன் கையால் அழித்திருந்தான்.

வெளியே டான்யூப் ஆற்றின் பனிமூட்டம் விதின் நகரத்தை மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது. ஹீட்டர் குழாய்கள் முனகின. கீழறைப் பீப்பாய்களில் புளிக்கும் முட்டைக்கோஸ் வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது, அதோடு சேற்று வாடையும் கொஞ்சம் வந்தது. ராலிட்சாவும் இதே கட்டடத்தில்தான் குடியிருந்தாள். வாசற்கதவில் ஒட்டியிருக்கும் அவளுடைய இரங்கல் தாளை, படத்தில் சிரிக்கும் அந்த முகத்தை, அவன் தினமும் தலையைக் குனிந்துகொண்டே தாண்டிப் போனான்.

பாவி, தப்பு செய்தது அவன்தான். எது நம் தெரு, எது வெளியூர் என்று கணினிக்குச் சொல்வது சப்நெட் மாஸ்க். வீட்டிலிருந்து இணைபவர்களுக்கு அதைக் குறுகலாக வைக்காமல், சோம்பல்பட்டு அகலமாகப் போட்டுவிட்டான். வந்தவர்களுக்கெல்லாம் அலுவலகம் மொத்தமும் ஒரே தெருவாகிவிட்டது. அலுவலகத் தரவைத் திருடியவனும் அந்த வழியாகவே வந்தான். மாஸ்க்கை அப்படிப் போட்டது அவள்தான் என்று, அவனோடு அதே வேலையில் இருந்த ராலிட்சா தலையில் பழி விழுந்தது. வேலை போன அன்று, எப்போதும் போல உள்ளங்கையில் சூரியகாந்தி விதைகளை நீட்டி, "எடுத்துக்க தம்பி. நீ சொல்லுவேன்னுதான் பார்த்தேன்" என்றாள். அவன் சொல்லவில்லை. அவள் ஆற்றுக்குப் போனாள்.

அவளுடைய இணைப்புக்கும் தனக்கும் இடையில் தகவலைக் கைமாற்றிவிடும் ரௌட்டர்கள் எத்தனை என்று தேடிப் பார்த்தான். ஏழு. எங்கோ தூரத்தில்தான் இருக்கிறது. மூச்சு வந்தது.

கைபேசி அடித்தது. முதலாளி ஸ்தாமென்.

"டேய் கலோயா, செத்தவ பேரு உள்ள காட்டுதே? கணக்கை அழிச்சியா, இல்ல தூங்கிட்டியா?"

"அது... பழைய பதிவு சார். திரையில தங்கிப் போச்சு."

பொய். வெட்கத்தில் காது சுட்டது. மறுபடி தேடினான். மூன்று.

எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். பல்லிடையில் ஓடு உடையும் சத்தம்.

"நெஜமாவா? யாரும் உள்ள இல்லையே?"

"யாருமில்ல சார்."

ஒன்று. அந்த ஒன்று அவன் வீட்டு ரௌட்டர். அலமாரி மேல் பச்சை விளக்கு. விடாமல் துடித்தது.

டிக். கூடத்திலிருந்து.

சேற்று வாடை தொண்டையில் ஏறியது. சொல்லிவிடு. ஒரே வார்த்தை. நான்தான். அவ்வளவுதான்.

"சரி விடு," ஸ்தாமென் சிரித்தார். "அந்த மாஸ்க் கூத்து மாதிரி இதுவும் அவ பண்ணிவெச்ச வேலையாத்தான் இருக்கும். என்ன, சரிதானே?"

கலோயன் வாயைத் திறந்தான். வேலை. பெயர். மானம்.

"ஆமா சார். அவதான்."

மறுபடி தேடினான்.

இடையில் எதுவுமில்லை. ஒரே தெரு. ஒரே வீடு.

டிக்.

"என்னடா, பேசும்போதே விதை கொறிக்கிற?" என்றார் ஸ்தாமென்.

"நான்தான்..." என்று உதட்டை அசைத்தான் கலோயன். "நான்தான் சார், அந்த மாஸ்க்..."

குரல் வெளியே வரவில்லை.

அவன் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஊறி வெளுத்த கை. மணிக்கட்டிலிருந்து ஆற்றுத் தண்ணீர் விசைப்பலகையில் சொட்டியது. உள்ளங்கை மெல்ல விரிந்தது. நிறைய விதைகள்.

"எடுத்துக்க, தம்பி."