அனுமதி கேட்காத மென்பொருள்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் செய்த ஒரே உருப்படியான காரியம், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் அடுத்த ஊர்க் கம்ப்யூட்டரை இயக்கும் வசதிதான் என்பது ஸ்ரீராம்குமாரின் தீர்க்கமான முடிவு. நெருப்பையும் பட்டியலில் சேர்த்திருப்பான். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு நெருப்பைப் புகழ்வது உசிதமில்லை என்று விட்டுவிட்டான்.

கம்பெனிக்கு நான்கு யூனிட், இருபத்திரண்டு கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் அவன் ஒருவன். நாரணாபுரம் யூனிட்டில் பிரிண்டர் பேப்பரை மென்றாலும் அவன்தான் பைக்கை எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சிவகாசி ஆபீசிலிருந்தே இயக்க ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி முதலாளி ஒரு வாரம் கெடு கொடுத்தபோது, தெய்வ நம்பிக்கை இல்லாத அவனுக்கே சாமி கும்பிடத் தோன்றியது.

கெடுவுக்குக் காரணம் தாயில்பட்டி யூனிட். போன ஆடியில் அங்கே ஒன்பதாம் நம்பர் அறை வெடித்தது. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் ஏழு பேர். தலையை எண்ண உள்ளே போன பானுப்பிரியாவும் வெளியே வரவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் யார் எந்த அறையில் என்று வருகைப் பட்டியல் போடுகிற பெண் அவள். எட்டு மாதம் மூடிக் கிடந்த யூனிட் திங்கட்கிழமை திறக்கிறது. இனி எந்த அறையில் எத்தனை பேர் என்று சிவகாசியிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஸ்ரீராம்குமாரின் அம்மா மாடத்திக்கும் அந்த யூனிட்டில்தான் வேலை. விபத்தன்று காய்ச்சலில் படுத்திருந்ததால் பிழைத்தவள். திங்கட்கிழமை அவளும் போகிறாள்.

புதன்கிழமை உச்சி வெயிலில் அவன் தாயில்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தான். தள்ளித் தள்ளி நின்ற அறைகளுக்கு நடுவே ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. போர்மேன் மாரிக்கண்ணன் ஆபீஸ் பூட்டைத் திறந்துவிட்டு வாசலை மறித்து நின்றார்.

"செருப்பக் கழத்திட்டு அந்தச் செம்புத் தகட்டத் தொடுங்க, தம்பி."

உடம்பில் ஏறிய மின்சாரம் வெடிமருந்தில் பொறி போட்டுவிடாமல் இருக்க, மருந்து அறை வாசலில் எல்லாம் அந்தத் தகடு உண்டு. ஆபீசுக்கு எதற்கு?

"தொட்டுட்டு, 'பானு, உள்ள வரட்டா?'ன்னு ஒரு வார்த்த கேளுங்க. செத்தவுக பொளங்குன எடத்துக்குள்ள இங்கன யாரும் கேக்காமப் போறதில்ல."

"கேட்டா என்னண்ணே செய்யும்? ஓகே பட்டன அமுக்குமா?"

"போன வாரம் கூட்டிப் பெருக்க வந்தப்ப உங்கம்மாவே கேட்டுட்டுத்தான் போனாக."

"எங்கம்மா பிரிண்டருக்கே திருநீறு பூசுறவுகண்ணே."

செருப்போடு உள்ளே போனான். கருகிய மருந்தின் வாடை இன்னும் சுவரில் இருந்தது. தேர்வுக்கு எடுத்து வைத்திருந்த மூன்று மென்பொருள்களையும் சோதனைக்காக ஏற்றி, கம்ப்யூட்டரை அணைக்காமல் விட்டுக் கிளம்பும்போதுதான் உறைத்தது. எட்டு மாதமாக யாரும் வேலை செய்யாத அறையில், அவன் உட்கார்ந்தபோதே நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது.

வெயில், என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் சிவகாசியிலிருந்து முதல் மென்பொருளைச் சோதித்தான். அந்தப் பக்கம் இருப்பவர் 'அனுமதி' என்று அமுக்கினால்தான் அது உள்ளே விடும். ஆள் இல்லாவிட்டால் பேசாமல் காத்திருக்கும்.

இரண்டே விநாடியில் பதில் வந்தது: மறுக்கப்பட்டது.

இரண்டாவது மென்பொருள். அதுவும் கேட்டது.

மறுக்கப்பட்டது.

மாரிக்கண்ணனுக்குப் போன் போட்டான். "ஆபீஸ் பூட்டுதான் தம்பி. சாவி என் இடுப்புல கெடக்கு."

மூன்றாவது யாரிடமும் கேட்காது. நேராக உள்ளே போகும். முதலாளிக்கான அறிக்கையில், 'பரிந்துரை: மூன்றாவது. காரணம்: அனுமதி கேட்டு நேரத்தை வீணாக்குவதில்லை' என்று எழுதிவிட்டு உள்ளே நுழைந்தான்.

வருகைப் பட்டியல் திறந்தே இருந்தது. தேதி, வருகிற திங்கட்கிழமை. ஒன்பதாம் நம்பர் அறை. நான்கு பெயர்கள்.

அவன் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

ஐந்தாவது பெயர், எழுத்தெழுத்தாக விழுந்தது.

ஆறாவது.

ஏழாவது, மாடத்தி. நேரம் 12.10.

மறுபடி போன் போட்டான். "அண்ணே, ஆபீஸ் சன்னல் கிட்டப் போய்ப் பாருங்க."

செருப்புச் சத்தம் சன்னல் வரை போய் நின்றது. மாரிக்கண்ணன் கிசுகிசுத்தார்.

"உள்ள ஆள் இல்ல தம்பி. ஆனா கீபோர்டு சத்தம் கேக்கு."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். மாடத்தி முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"கம்பீட்டர்ல பேய் எளுதுச்சாக்கும்? இம்புட்டு நாளா நான் சொன்னா சிரிச்சவன்தானலே நீ?"

"இது வேறம்மா. போகாத."

"எட்டு மாசமா வீட்டுல கெடந்தது போதும். சீசனுக்கு முந்திப் போனாத்தான் ஆள்ல சேப்பாக. எனக்குப் பொட்டி போடுற அறைதான். மருந்துப் பக்கமே போகல. நீதான் அங்கன இருந்து பாத்துக்கிட்டே இருப்பியே, பெறகு என்ன?"

அவன் வாங்கிக் கொடுத்த மென்பொருளை நம்பித்தான் அவள் போனாள்.

திங்கட்கிழமை காலையிலிருந்து அவன் திரையை விட்டு நகரவில்லை. ஒன்பதாம் நம்பரில் நான்கு பேர். மாடத்தி, பெட்டி போடும் அறையில்.

பன்னிரண்டு ஐந்துக்குக் கர்சர் தானாக நகர்ந்தது.

ஐந்து.

மாரிக்கண்ணனுக்குப் போன் போட்டான். "அண்ணே, ஒம்பதுல ஆளக் கூட்டுறீகளா? வெளிய எடுங்க!"

"லாரி நிக்கி தம்பி, லோடு ஏறணும். அரை மணி நேரந்தான்." மாரிக்கண்ணனின் குரல் சட்டென்று இறங்கியது. "பட்டியல்ல நாலுதான போட்டிருக்கேன். உங்களுக்கு யாரு சொன்னா?"

ஆறு.

"எங்கம்மா எங்க? அண்ணே, எங்கம்மாவ வெளிய..."

"இப்பத்தான் கை ஒதவிக்கு ஒம்பதுக்கு அனுப்..."

ஏழு.

போனில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதுவரை அதில் இருந்த சத்தம் எல்லாம் நின்றுபோனது மட்டும் கேட்டது.

அவன் பைக்கை எடுத்து வெம்பக்கோட்டைச் சாலையில் பாதி தூரம் போவதற்குள் புகை கண்ணில் பட்டது. அதற்கப்புறம் வேகமாக ஓட்ட அவசியம் இருக்கவில்லை.

யூனிட்டுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். மின்சாரத்தைத் துண்டித்தாயிற்று. ஆபீஸ் கம்ப்யூட்டர் உருகிக் கட்டியாகிக் கிடந்ததை அவனே பார்த்தான், அதன் எண்ணை அவனே பதிவேட்டிலிருந்து அடித்து நீக்கினான். ஆனாலும் சிவகாசித் திரையில் தாயில்பட்டிக்கு நேரே, இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி அணையவில்லை.

ஸ்ரீராம்குமார் மூன்றாவது மென்பொருளை எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் நீக்கிவிட்டு முதலாவதைப் போட்டான். முதலாளி காரணம் கேட்டார். "கேட்டுட்டுப் போறது நல்லது மொதலாளி" என்றான்.

இப்போதெல்லாம் காலையில் எல்லோருக்கும் முன்பே ஆபீசுக்கு வந்துவிடுகிறான். செருப்பை வாசலிலேயே கழற்றுகிறான். மேசைக் காலில் அடித்து வைத்திருக்கும் சிறிய செம்புத் தகட்டைத் தொடுகிறான். பச்சைப் புள்ளியை அமுக்கிவிட்டு, மெதுவாகக் கேட்கிறான்.

"அம்மா, உள்ள வரட்டா?"

இரண்டே விநாடி.

மறுக்கப்பட்டது.