நாலு மணி அழைப்பு

கொல்லிமலை ஏறும் மத்தியான பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அருள்பிரகாஷ் கொண்டை ஊசி வளைவுகளைக் கவனிக்கவே இல்லை. மடியில் இருந்த பையில் படிப்புச் சான்றிதழ்கள் இருந்தன. போனில் பேசப் போகிறவனுக்குச் சான்றிதழ் எதற்கு? ஆனாலும் எடுத்து வந்திருந்தான். வேலை போனவனுக்கு எதையும் விட்டுவிட்டு வர மனம் வராது.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு, ஆனி மாதம். ஒரே வருடத்தில் இரண்டு கம்பெனிகள் அவனை வெளியே அனுப்பியிருந்தன. முதல் கம்பெனி, அமெரிக்க வேலைகள் நின்றதும் ஆபீஸையே பூட்டிவிட்டது. இரண்டாவதில் மேசைப் போன் அடிக்கும். எடுத்தவன் மேலாளர் அறைக்குப் போவான். அவன் திரும்புவதற்குள் அவனுடைய கம்ப்யூட்டரை அணைத்திருப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் போன் அருள்பிரகாஷுக்கும் அடித்தது.

பேளுக்குறிச்சியில் இருந்த அப்பாவுக்கு இது தெரியாது. மகன் லீவில் வந்திருக்கிறான் என்று சந்தையில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி ஹேமலதாவும் வளைகாப்புக்குத்தான் அவன் லீவு போட்டிருக்கிறான் என்று நம்பினாள். இன்று நாலு மணிக்குச் சென்னைக் கம்பெனி ஒன்று அவனைப் போனில் நேர்முகம் காணப் போகிறது. அந்த வேலை கிடைத்துவிட்டால் இவர்களுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. வீட்டுப் போனில் பேசினால் குட்டு உடைந்துவிடும். அதனால் மலைமேல் திருப்புலி நாட்டில் இருக்கும் மாமா வெள்ளியங்கிரியின் பழைய ஓட்டு வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தான். மிளகு வாங்க வரும்போது மட்டும் மாமா அங்கே தங்குவார். இப்போது மற்ற நாளெல்லாம் வீடு பூட்டியே கிடக்கும்.

பஸ் அவனை இறக்கிவிட்டுப் போனதும் மூடுபனி வந்து ரோட்டை மூடியது. ஈர மண்ணும் அழுகிய பலாப்பழமும் கலந்த வாசனை. சாவியோடு நின்றிருந்தாள் மாதம்மாள். பக்கத்துக் காட்டில் மரவள்ளி போட்டிருப்பவள், மாமாவின் வீட்டைக் கூட்டித் துடைப்பவள்.

"அய்யாவோட மருமவனுங்களா? வூட்டுல வயித்துப் புள்ளக்காரின்னு அய்யா சொன்னாருங்க. நெத்தி அப்படியே அவுரு நெத்திதானுங்க. முடி மட்டும் மிச்சமிருக்குது."

பல நாட்களுக்குப் பிறகு அருள்பிரகாஷ் சிரித்தான். "போன் ஒண்ணு வருமுங்க்கா. அதுக்குத்தான் வந்தேன்."

அவள் முகம் மாறியது. "அந்தப் போனுக்கா?"

"ஏனுங்க, வேலை செய்யாதா?"

"எனக்கென்ன தெரியுமுங்க? நான் அதத் தொடறதே இல்ல." கதவைத் திறந்துவிட்டுத் தயங்கினாள். "இந்த மலையில ஒத்தக் குரலுக்கு நாங்க ஏன்னு கேக்க மாட்டோமுங்க. மூணு வாட்டி கூப்பிட்டாத்தான் மனுசன். போனுக்கும் அப்படியே இருங்க சாமி."

"மூணு வாட்டி மணி அடிக்கற வரைக்கும் சும்மா இருந்தா, அடுத்த ஆளுக்குப் போயிருவாங்கக்கா."

"போனாப் போவுதுங்க," என்றாள் அவள் மெதுவாக. "களி கிண்டிக் கொண்டாரேன். பசியோட பேசாதீங்க."

உள்ளே இருட்டு. பழைய மிளகுச் சாக்குகளின் நெடி. ஜன்னலோரம் ஒரு முக்காலியில் கறுப்புப் போன் இருந்தது. அதன் பக்கத்தில் நாற்காலி ஒன்று. எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். டயல் ஒலி இல்லை. சுத்தமாகச் செத்தும் போகவில்லை. எங்கோ தூரத்தில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்திருப்பது போல ஓர் இரைச்சல்.

மலை லைன் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அறப்பளீஸ்வரரை வேண்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது.

நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. போன் அடித்தது.

முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டான்.

"பேரு?" வறண்ட ஆண் குரல்.

"அருள்பிரகாஷ் சார்."

"அருள்... பிரகாஷ்." குழந்தை புதுச் சொல்லைப் பழகுவது போல அந்தக் குரல் சொல்லிப் பார்த்தது. "என்ன படிச்சீங்க? எங்க வேலை பாத்தீங்க? ஏன் விட்டீங்க?"

அவன் எல்லாம் சொன்னான். ஒவ்வொரு பதிலையும் அந்தக் குரல் திருப்பிச் சொன்னது. அதன் வறட்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது.

"ராத்திரி வேலை?"

"செய்யறேன் சார்."

"லீவு இல்ல."

"வேண்டாம் சார்."

"பொண்டாட்டி பேரு?"

இதை எதற்குக் கேட்கிறார்கள்? ஆனாலும் சொன்னான். சொல்லாவிட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம்.

"ஹேமலதா," என்றது குரல். "வளைகாப்புக்கு லீவுன்னு அவகிட்டச் சொல்லியிருக்கேன்."

அருள்பிரகாஷ் நாற்காலியில் நிமிர்ந்தான்.

அதை அவன் சொல்லவே இல்லை.

பேசிய குரலும் அவனுடையதாகவே இருந்தது.

போனை வைக்கக் கை வரவில்லை. விரல்கள் விறைத்துப்போயிருந்தன. ஜன்னல் வழியே பனி உள்ளே வந்து முழங்கால் வரை நின்றது. "எவ்வளவு நாள் ஆனாலும் காத்திருப்பீங்களா?" என்று அவன் குரலே அவனைக் கேட்டது. ஆமாம் என்று சொல்ல அவன் வாய் தானாகத் திறந்தது.

அந்த நேரத்தில் அவன் கையிலிருந்து ரிசீவரை யாரோ பிடுங்கினார்கள்.

மாதம்மாள்தான். போனைத் தொடவே அஞ்சுகிறவள், ரிசீவரைக் காதில் வைத்துப் பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினாள்.

"தம்பி, நாந்தான் மாதம்மா. இது வயித்துப் புள்ளக்காரியோட புருசன், உட்ருங்க. பசிக்குதா? உங்களுக்கும் கொண்டாந்திருக்கேன்."

களியைப் பாதியாகப் பிட்டு, இலையில் வைத்து, போனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ரிசீவருக்குள் யாரோ தேம்பி அழுதார்கள். பிறகு சத்தமில்லை.

அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அவள் சொன்னாள். "போன வருசம் ஒரு தம்பி வாடகைக்கு இருந்தாருங்க. அமெரிக்காவுல கம்ப்யூட்டர் வேலை போயி வந்தவரு. ஆபீஸ்ல கூப்பிடுவாங்கன்னு அந்த நாற்காலிய உட்டு நவுரல. சாப்பிடக் கூப்பிட்டா, 'போன் வந்துருமுங்க்கா'ம்பாரு. காச்சல் வந்து, உக்காந்தபடியே போயிட்டாரு. கடைசி வரைக்கும் அது அடிக்கவே இல்ல."

சில்வர் ஓக் மரத்தடியில் அருள்பிரகாஷின் காலில் ஏதோ இடறியது. வீட்டுக்குப் போகும் போன் வயர். என்றோ அறுந்து விழுந்திருக்கிறது. அதன் நுனியில் பாசி படிந்து, மிளகுக் கொடி சுற்றிப் படர்ந்திருந்தது.

நாலு மணிக்காக அவன் நிற்கவில்லை. கீழே இறங்கும் பஸ் வந்ததும் ஏறிவிட்டான்.

அன்றே ஹேமலதாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதான். "வேலை போச்சுன்னா இன்னொண்ணு தேடிக்கலாமுங்க. எங்கிட்டச் சொல்லாம மலையேறிப் போனீங்களே, அதுதான் எனக்கு ஆறல," என்றாள் அவள். அப்பாவிடமும் சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் அவர் மகனுக்குக் காபியைத் தானே ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார். இவ்வளவு எளிதாகக் கிடைத்திருக்கும் ஆறுதலை விட்டுவிட்டு ஏன் இத்தனை நாள் பொய்யாய் நடந்தோம் என்று அருள்பிரகாஷுக்குத் தோன்றியது. கடவுள் நம்மைத் தாங்குவதெல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட கைகளால்தான்.

ஆனால் வேலை வேண்டுமே. மாதம் ஒன்று ஓடிவிட்டது. எங்கேயும் ஆள் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல், சந்தைக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து அந்தச் சென்னைக் கம்பெனிக்குப் பேசினான். ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், என் பேரு அருள்பிரகாஷ். ஆனி மாசம் நீங்க கூப்பிட்டப்ப என்னால பேச முடியல. இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுத்தீங்கன்னா..."

"விளையாடறீங்களா சார்?" அவள் சிரித்தாள். "நாலு மணிக்குக் கூப்பிட்டோம், அவ்வளவு நல்லாப் பேசினீங்களே. அன்னைக்கே உங்களை எடுத்தாச்சே! மலையிலிருந்தே வேலை பார்க்கறேன்னு சொன்னீங்க. ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் நீங்க ஒருத்தர்தான் எடுக்கறீங்கன்னு எங்க மேனேஜருக்கு அவ்வளவு சந்தோஷம்."

பூத்தின் கண்ணாடிக்கு வெளியே சந்தைக் கூட்டம் வெயிலில் நகர்ந்துகொண்டிருந்தது.

"மேடம், அது நான் இல்லீங்க."

"அப்படியா?" அவள் குரலில் சிரிப்பு போய்விட்டது. "ஒரு நிமிஷம் இருங்க. அந்த நம்பரையே லைன்ல சேர்க்கறேன்."

மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. ஒரு தடவைகூட முழுதாக அடிக்கவில்லை.

"சொல்லுங்க மேடம்," என்றது அவன் குரல். ஆவலும் பயமுமாக, மூச்சு வாங்க. "அருள்பிரகாஷ்தான் பேசறேன். எதுவும் தப்பு நடந்துடுச்சுங்களா? என்னை வேலைய விட்டு எடுத்துராதீங்க மேடம். நான் எங்கேயும் போகல. இங்கயேதான் உக்காந்திருக்கேன்."