கலைவாணியின் இரண்டாவது அரக்கன்

கலைவாணி எழுதிய முதல் அரக்கன் எல்லாரையும் கொன்றுவிட்டான்.

அதுதான் பிரச்சினை. தேவதாஸ் ஒருமுறை பகடை உருட்டினான். அவனுடைய வீரன் செத்தான். வெற்றிச்செல்வன் உருட்டினான். அவனுடைய வீரனும் செத்தான். அடுத்து அரக்கன் ஊதிய ஊதலில், அன்னக்கிளியின் வீராங்கனை பறந்தே போய்விட்டாள்.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள் அன்னக்கிளி. அவள் இரண்டாம் வகுப்பு. "நான் பகடைய தொடவே இல்லியே!"

"அவன வாள் வெட்டாது, தீ சுடாது. அவன் தூங்கவே மாட்டான்" என்றாள் கலைவாணி பெருமையாக.

"அப்ப நாங்க இன்னா பண்றது?" என்றான் வெற்றிச்செல்வன்.

கலைவாணி அதை யோசிக்கவில்லை.

அந்த விளையாட்டுப் பெட்டி தேவதாஸுடையது. அவன் மாமா பிரான்சிலிருந்து கொண்டுவந்தார். உள்ளே விரல் உயர வீரர்கள், பகடைகள், கோட்டை வரைந்த அட்டை. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் தங்கள் வீரர் என்ன செய்வார் என்று சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். பெட்டியில் கதைப் புத்தகமும் இருந்தது. ஆனால் முழுக்க பிரெஞ்சு. மாமா திரும்பிப் போய்விட்டார். மூலக்குளத்தில், அவர்கள் தெருவில், அதைப் படிக்க ஆள் இல்லை.

அதனால் கதை எழுதும் வேலை கலைவாணிக்கு வந்தது. ஓர் அரக்கனுக்கு இரண்டு கடலை மிட்டாய் கூலி.

"அடுத்த ஞாயிறும் இப்படியே இருந்தா, நான் அண்ணன் செல்போன்ல பாம்பு ஆட்டம் ஆடப் போயிடுவேன்" என்றான் வெற்றிச்செல்வன்.

"நானும்தான். பெட்டி பரணுக்குப் போயிடும்" என்றான் தேவதாஸ்.

கலைவாணி எழுத உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. பேனாவை மாற்றினாள். முகம் கழுவினாள். மேசையைத் துடைத்தாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அட! அப்படியே அந்த அலமாரியையும் தொடச்சிடு."

"நான் கதை எழுதறேம்மா. மூடு வரல."

"வரட்டும். அது வர்ற வரைக்கும் இந்தப் பூண்டை உரி."

கலைவாணி உரித்தாள். பூண்டு தீர்ந்தது. மூடு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் காய்ச்சல். அப்பா முருகையன் பக்கத்திலிருக்கும் கதிர்காமத்தில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி. பெரிய உருவம், பெரிய மீசை. அவர் முறைத்தால், பார்வையாளர் நேரத்துக்கு முன்னால் ஈகூட உள்ளே போகாது.

மூவரும் தெருமுனை டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ஊசியை எடுத்தார். அப்பா மெதுவாகக் கட்டிலுக்குப் பின்னால் போனார்.

"மாத்திரையே குடுத்துடுங்க டாக்டர். எவ்ளோ பெரிசா இருந்தாலும் பரவால்ல."

"நல்லா இருக்கு!" என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரியில வேலை பாக்குற ஆளு!"

"வாசல்லதானே நிக்கிறேன்!"

கலைவாணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ண மூடிக்கப்பா. ஆச்சு, ஆச்சு, ஆயிடுச்சு."

வீடு திரும்பும்போது அப்பா மெல்லச் சொன்னார். "தெருவுல யாருகிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேம்பா."

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் எழுத உட்கார்ந்தாள். மேசையைத் துடைக்கவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கலைவாணி வீட்டுக் கூடத்தில் கேரம் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கோட்டையை விரித்தார்கள். உள் அறையில் அப்பா போர்த்திப் படுத்திருந்தார்.

"கோட்டை வாசல்ல ஒரு அரக்கன். மலை மாதிரி உடம்பு. கயிறு மாதிரி மீசை" என்று தொடங்கினாள் கலைவாணி.

வெற்றிச்செல்வன் பகடை உருட்டினான். "வாளால வெட்டுறேன்!"

"வாள் ஒடஞ்சி போச்சு."

"மறுபடியும் அதே கதையா? நான் போறேன்." அவன் எழுந்துவிட்டான்.

கலைவாணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கோட்டைய சுத்திப் பாருங்களேன்."

"பாத்தாச்சு. இன்னா இருக்கு?" என்றான் தேவதாஸ்.

"புல்லு, மாமரம், மல்லிச்செடி எல்லாம் இருக்கு. முள்ளுச்செடி மட்டும் ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டான்."



"ஏன் வெட்டினான்?" என்றாள் அன்னக்கிளி. கொஞ்சம் யோசித்தாள். "குத்தும்னு பயமா?"

கலைவாணி உதட்டை இறுக்கிக்கொண்டாள். வெற்றிச்செல்வன் மறுபடி உட்கார்ந்தான்.

"என் வீராங்கனைகிட்ட ஊக்கு இருக்கு" என்றாள் அன்னக்கிளி. "பாவாடையில."

"வீராங்கனைக்கு எதுக்குடி ஊக்கு?" என்றான் வெற்றிச்செல்வன்.

"இடுப்பு லூசு."

"உருட்டு. நாலுக்கு மேல விழணும்" என்றாள் கலைவாணி.

ஆறு விழுந்தது. தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்கள்.

"அரக்கன் ஊக்கைப் பாத்துட்டான். ஓடிப்போய் கட்டிலுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டான்."

"குத்து, குத்து!" என்றான் வெற்றிச்செல்வன்.

"வேணாம், பாவம்" என்றாள் அன்னக்கிளி. "ஊக்கை உள்ள வெச்சிட்டேன். அவன் இனிமே நம்ம கோட்டைக்குக் காவலுக்கு நிக்கட்டும்."

தேவதாஸ் கடலை மிட்டாய்களை நீட்டினான். கலைவாணி ஒன்றை அன்னக்கிளிக்குக் கொடுத்தாள்.

"அடுத்த அரக்கன் எப்ப வருவான்?" என்றான் வெற்றிச்செல்வன்.

"ஞாயித்துக்கிழமை."

உள் அறையில் யாரோ கனைத்தார்கள். பிறகு போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அவனுக்காவது மீசை வெக்காத, கலை!"