இருபத்தாறு அங்குலம்

நேற்று மாலை பிரித்துவிட்ட இடுப்புத் தையல், காலையில் மறுபடியும் போடப்பட்டிருந்தது.

இது மூன்றாவது முறை. உடைக் கிடங்கின் பொறுப்பாளரான அவள், அரக்கு நிற வெல்வெட் அங்கியை மேசைமேல் புரட்டிப் போட்டு டேப்பை வைத்தாள். இருபத்தாறு. புதிய சீரியலின் ராணிக்கு முப்பத்திரண்டு வேண்டும்.

"ராணியம்மாவுக்கு தினமும் உடம்பு ஊதுதா, இல்ல உங்க டேப் சுருங்குதா?" கதவருகில் நின்று கேட்டார் மேனேஜர்.

"நான் பிரிச்சுதான் வச்சேன் சார். யாரோ மறுபடி புடிச்சுத் தைச்சிருக்காங்க."

"சாவி உங்ககிட்டதானே இருக்கு? பத்து மணிக்கு ஷாட். இன்னைக்கும் பத்தலைன்னா வெட்டித் தலகாணி உறை தைச்சிடுவேன்."

எரிச்சலில் அவளுக்குக் கண் கரித்தது. இதை வெட்டக் கூடாது. இது அவள் தங்கை கடைசியாகத் தைத்தது.

அடுத்த படத்துக்குப் பெரிதாக்க வசதியாக, தையலுக்குள் துணியைத் தாராளமாக மடித்துவிடுவது தொழில் வழக்கம். இந்த அங்கி வந்த முதல் படத்தில், நடிகைக்குப் பதிலாக மாடத்தில் நிற்க வேண்டிய பெண் வரவில்லை. தங்கையே அங்கியைத் தன் அளவுக்குப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு ஏறினாள். செட்டுக்காக அடித்த பலகை மாடம் தாங்கவில்லை; விழுந்தவள் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்ததை அக்காதான் மூன்று தண்ணீர் மாற்றி அலசினாள். யாரிடமும் சொல்லாமல் கம்பியில் திரும்ப மாட்டினாள். பிறகு கழுத்துப்பட்டியும் சரிகையும் மாறி மாறி, தளபதி மனைவி, சூனியக்காரி, பணக்கார விதவை என்று பலர் போட்டார்கள். ஒல்லியானவர்களுக்கே பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். தங்கையின் தையலில் கை வைத்தது இந்த வாரம்தான்.

தங்கை இடக்கைக்காரி. அவள் போட்ட தையல் இடப்பக்கம் சாயும்.

இதுவும் சாய்ந்திருந்தது.

வரிசையாகத் தொங்கிய நூறு உடைகளின் பூச்சி உருண்டை வாடைக்கும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக்கும் அடியிலிருந்து, மெல்ல, ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கும் மருந்தின் வாடை எழுந்து வர, அவள் மூச்சைப் பிடித்தபடி ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். "போதும்டி, விடு," என்றாள் துணியிடம். வெள்ளை நூலால் முப்பத்திரண்டுக்குத் தைத்தாள். கண்ணை எடுக்காமல் ஒப்பனை அறைக்குக் கொண்டுபோய், தானே நடிகைக்குக் கொக்கிகளை மாட்டினாள்.

பொருந்தியது.

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்றார் மேனேஜர்.

நடிகை கண்ணாடி முன் திரும்பினாள். "அக்கா, கொஞ்சம் புடிக்குது."

"புது மடிப்பும்மா. சரியாயிடும்."

டப்.

வெல்வெட்டில் ஊசி இறங்கும் ஓசை. அவளுக்குத் தெரியாத ஓசையா?

டப்.

"அக்கா, என்னமோ குத்துது..."

இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முதுகுப் பக்கம் பார்த்தாள். கை இல்லை. ஊசி இல்லை. நூல் மட்டும் எழுந்தது. இறங்கியது. இழுத்தது.

முப்பது.

நடிகை கண்ணாடியைப் பற்றினாள். மூச்சு வரவில்லை.

"வெட்டுங்க!" மேனேஜர் கத்தினார். "கையில கத்தரிக்கோல் இருக்கே, வெட்டுங்க!"

இருந்தது. விரல்களும் அதற்குள்ளேதான் இருந்தன. அசையவில்லை.

இருபத்தெட்டு.

வெள்ளை நூல் சிவந்து வெளியே வந்தது. இடப்பக்கம் சாய்ந்தது. மறுபடி உள்ளே போனது.