மூடிவந்த முகம்

படைத்துவிட்டு முன்னறைக் கதவைச் சாத்திய பிறகுதான் சுவர்ணாவுக்கு அந்த மணம் வந்தது. அழுகிய முட்டையின் மணம். அன்று அவர்கள் முட்டை சமைக்கவே இல்லை.

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பின்னேரமே இருட்டிவிட்டது. உடல் வரத் தாமதமானதால் அவளுடைய கணவன் நிசாந்தனின் எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவும் பிந்தியிருந்தது. அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் பரிமாறி, மாலை போட்ட அவனுடைய கண்ணாடிச் சட்டப் படத்துக்கு முன்னால் வைத்து, அவன் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று அவளும் அவனுடைய அக்கா தவநாயகியும் சமையலறையில் காத்திருந்தார்கள்.

"மச்சாள், இலையிலை என்ன மீன் வைச்சனீங்கள்?"

"சால்மன். வேறென்ன?"

"அவர் அதைத் தொடமாட்டாரே. வீட்டுக்கையே விடமாட்டார்."

"விசர்க் கதை. அந்த மீன் போட்ட சோறுதானே இவ்வளவு காலமும் திண்டனீங்கள்? இப்ப அதோடை கோவமோ?"

நிசாந்தன் ஸ்கொட்லாந்தில், கடலில் வலைக்கூடு கட்டிச் சால்மன் வளர்க்கும் பண்ணையில் செத்த மீன் அள்ளினான். நெருக்கி அடைத்த மீன்களில் மண்ணிறக் கடற்பேன் பிடித்து, அவை நீந்திக்கொண்டிருக்கும்போதே நெற்றித் தோலை எலும்பு தெரியத் தின்றுவிடும் என்றும், தாங்காமல் அவை வலையில் தலையை முட்டிக்கொண்டே இருக்கும் என்றும் தொலைபேசியில் சொல்லியிருந்தான். மீனின் எச்சமும் மிச்சத் தீனியும் கூட்டுக்கு அடியில் அழுகி, கடல் தரை முழுக்க வெள்ளைப் படலம். கிளறினால் அழுகிய முட்டை மணம்.

"கீழை ஒரு நண்டுகூட உயிரோடை இல்லை, சுவர்ணா. ஆனா ஏதோ அசையுது," என்றான் கடைசியாக.

அடுத்த கிழமை அவன் கூட்டுக்குள் விழுந்தான். உடலை அன்றைக்கே எடுத்துவிட்டார்களாம். ஆனால் பெட்டியை மூடித்தான் அனுப்பினார்கள். முகம் பார்க்கிற நிலையில் இல்லை என்றார்கள். ஒரு நாள்கூடத் தண்ணீரில் கிடக்காத முகத்துக்கு என்ன நடந்தது? கம்பனி பதில் சொல்லவில்லை. ஒருக்காக் காட்டுங்கோ என்று எரிக்கும்வரை அவள் கெஞ்சினாள்.

டொக்.

"பக்கத்து வீட்டுக்காரன் ஆணி அடிக்கிறான்," என்றாள் தவநாயகி. அவளுடைய குரல் இறங்கியிருந்தது.

டொக்.

ஆணிச் சத்தம் இல்லை. கண்ணாடிச் சத்தம். முன்னறைக்குள்ளே.

கதவின் கீழே கார்ப்பெட் நனைந்திருந்தது. ஈரத்தின் மேல் வெள்ளையாக ஏதோ.

"திறவாதை பிள்ளை."

திறக்கக்கூடாது. அவளுக்குத் தெரியும். ஆனால் முகம்.

திறந்தாள்.

இலை முழுவதும் வெள்ளைப் படலம். மாலைக்குள், படத்திலிருந்து, நிசாந்தன் அவளையே பார்த்தான். புருவத்துக்கு மேலே, கண்ணாடிக்கு உள்ளே, மண்ணிறப் புள்ளிகள் ஊர்ந்தன. அவை விலகிய இடத்தில் எலும்பு. வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

பிறகு அந்த நெற்றி பின்னுக்குப் போய், கண்ணாடியில் வந்து முட்டியது.