இடது பின்னங்கால்

ஓடை மணலில் மூன்று தடங்கள் இருந்தன. மூன்றும் பச்சமுத்து அழுத்தாதவை.

குந்தி உட்கார்ந்து விரலால் விளிம்பைத் தொட்டான். ஈர மணல் இன்னும் மெல்லச் சரிந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய காற்றில் எப்போதும் வரும் சருகு வாசனைக்கு அடியில், ஊறிய தோலும் உப்பும் கலந்த வேறொரு நெடி வந்து மூக்கில் ஒட்டியது. முன்னங்கால் இரண்டு, வலது பின்னங்கால். இடது பின்னங்கால் விழவேண்டிய இடத்தில் மணல் கலையவே இல்லை.

அந்தக் கால் அவன் வீட்டுப் பரணில் இருந்தது.

இந்தப் பக்கத்து மலைக்கு இருந்த ஒரே புலி, இரண்டு வருஷத்துக்கு முன் அடிவாரத்தில் தெய்வசிகாமணியின் கரும்புக்குள் இறங்கி, பன்றிக்கு வைத்த கரண்டு கம்பியில் பட்டுச் செத்தது. முதலில் பார்த்தவன் பச்சமுத்துதான். அவன் தற்காலிக வாட்சர். புலித் தடத்தைத் தேடி, செல்லில் படமெடுத்து ஆபீசுக்கு அனுப்புவது வேலை. புலி இருந்தால்தான் வாட்சர். இல்லையென்றால் பழையபடி சோகை இலை கழுத்தை அறுக்கக் கரும்பு வெட்டப் போகவேண்டும். தெய்வசிகாமணிக்கு ஜெயில் பயம், இவனுக்கு வேலைப் பயம். இரண்டு பயமும் சேர்ந்து குழி வெட்டின. மண் தள்ளுவதற்கு முன் பச்சமுத்து ஒரு காலை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டான்.

கல்லுப்பு நிரப்பிய பெயிண்ட் வாளியில் அதைப் போட்டு வைத்து, வாரம் ஒருமுறை கொண்டுவந்து மணலில் அழுத்தினான். ஓடையில் கட்டிய கேமராக்களைக் குரங்குகள் பிடுங்கிப் போட்டது அவன் அதிர்ஷ்டம். புலி நலமாக இருப்பதாக ஆபீசிலிருந்து மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். அட, உயிரோடு அலைந்தபோது அந்தப் புலியை ஒருத்தரும் இவ்வளவு விசாரித்ததில்லை!

போன வாரம்தான் வனவர் செந்தமிழ்ச்செல்வி படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்துச் சிரித்தார். “இன்னா பச்சமுத்து, உங்க புலிக்கு ஒத்தக் கால்தானா? நாலு காலும் எடுத்து அனுப்புங்க.”

மற்ற மூன்று காலுக்கு எங்கே போவது என்று யோசிக்கத்தான் இன்று வெறுங்கையோடு வந்திருந்தான். வந்த இடத்தில் மூன்றும் இருந்தன.

தடம் மலைப் பக்கம் ஏறவில்லை. கீழே இறங்கியது, கோமுகி அணைப் பக்கம், அவன் தினமும் வீட்டுக்குப் போகும் அதே ஒற்றையடிப் பாதையில். பொழுது சாய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு நின்று வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டிருக்க, அவன் நடந்தபோது உள்ளே காய்ந்த சோகையில் ஏதோ கூடவே நடந்தது.

சரக். சரக். சரக். பிறகு ஓர் இடைவெளி.

நின்றான். அதுவும் நின்றது. நடந்தான். சரக். சரக். சரக். இடைவெளி.

செல்லை எடுத்தான். “மேடம், புலி ஊருக்குள்ள எறங்குது. ஜீப்ப அனுப்புங்க. என் சம்சாரம் வூட்ல தனியா இருக்குது.”

“நெசமாவா? படம் எடுத்தீங்களா? நாலு காலும் இருக்குதா?”

“மூணுதான் மேடம்.”

“மறுபடி இன்னா வெளயாட்டு?”

அவனுக்கு அழுகை முட்டியது. “அந்தப் புலி செத்துப்போச்சி மேடம். ரெண்டு வருசம் ஆச்சி. நான்தான் பொதச்சேன். கால அறுத்து வச்சிக்கினு நான்தான் தடம் போட்டேன். ஜீப்ப மட்டும் அனுப்புங்க, உங்க கால்ல வுழறேன்.”



“அப்ப புலியே இல்ல.”

“இல்ல மேடம்.”

“இல்லாத புலிக்கு ஜீப்பு எதுக்கு? காலைல ஆபீசுக்கு வாங்க.”

வைத்துவிட்டார். வேலை போயிற்று. எந்த வேலைக்காக இத்தனையும் செய்தானோ அது போனதற்கு ஒரு சொட்டு வருத்தம் வரவில்லை. இருசம்மாள் வீட்டில் தனியாக இருக்கிறாள் என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது.

செல் அடித்தது. அவள்தான்.

“இன்னாங்க, பரண்மேல எலி உருட்டுது. அந்த வாளிய எறக்கிடட்டா?”

“தொடாத இருசு! வெளிய வா. மொதல்ல வெளிய வந்துடு!”

“எலிக்குப் போயி எதுக்குங்க இந்தக் கத்து கத்தறீங்க? ஏணிமேலதான் நிக்கறேன். இருங்க, அதுவே நவுந்து வரு…”

அறுந்தது.

ஓடினான். கரும்புக்குள் சத்தம் இல்லை. அது முன்னாலேயே போய்விட்டிருந்தது.

வாசல். சாயங்காலம் அவள் தண்ணீர் தெளித்துப் பெருக்கிய ஈர மண். மூன்று தடம். மூன்று தடம். மூன்று தடம். நிலைப்படி வரை.

திரும்பி ஒன்றும் வரவில்லை.

உள்ளே லைட் எரிந்தது. டிவியில் யாரோ சிரித்தார்கள். ஏணி சாய்ந்து கிடந்தது. வாளி கவிழ்ந்து, தரை முழுக்கக் கல்லுப்பு. வாளிக்குள் எட்டிப் பார்த்தான். கால் இல்லை.

உப்பில் தடம் இருந்தது. பரணுக்குக் கீழிருந்து அடுப்படிக்கு.

நான்கு. நான்கு. நான்கு.

ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதன் பக்கத்திலேயே இன்னொரு தடம் போயிற்று. மனுசத் தடம். இரண்டாம் விரலில் மெட்டி அழுந்திய வலது கால். ஒரு முழம் தள்ளி மறுபடி வலது கால். மறுபடி வலது கால்.

இடது கால் விழவேண்டிய இடங்களில் உப்பு கலையவே இல்லை.

“வந்துட்டீங்களா?” அடுப்படி இருட்டிலிருந்து இருசம்மாளின் குரல். தினமும் கேட்கும் அதே குரல். “இருங்க, வந்துக்கினே இருக்கறேன்.”

சரக்.

இடைவெளி.

சரக்.